கணுக்காலில் சேர்ந்த சுருதி

கதை தொடங்குவதற்கு முன்னால் அண்ணன் என் பக்கம் திரும்பாமலே ஒரு வார்த்தை கேட்பார்: "சேர்ந்துச்சா?" நான் "சேர்ந்துச்சு" என்பேன். அதற்குப் பிறகுதான் அவர் வாயைத் திறப்பார். எவ்வளவு பெரிய கூட்டமாக இருந்தாலும், எந்தப் பெரிய மனிதர் முன்னால் வந்து உட்கார்ந்து கனைத்தாலும், நான் அந்த வார்த்தையைச் சொல்லாமல் ராமன் பிறக்க மாட்டான், சீதைக்குக் கல்யாணமும் நடக்காது. அதில் எனக்கு இருந்த கர்வத்தை மறைக்கப் போவதில்லை. மாலை அவருக்கு, கைதட்டல் அவருக்கு, விடியற்காலை சுக்குக் காப்பிகூட முதலில் அவருக்குத்தான். அந்த ஒரு வார்த்தை மட்டும் என்னுடையது.

அண்ணன் கதாகாலட்சேபம் செய்பவர். நான் அவருக்குப் பிடில். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் இரண்டு பேரும் சேர்ந்து கிளம்பினோம். நல்லம்பள்ளி, மொரப்பூர், அரூர் என்று திருவிழா நடக்கும் ஊர்களிலெல்லாம் எங்களைக் கூப்பிடுவார்கள். பாட்டுக்காரர்கள் தங்கள் சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வது வழக்கம். அண்ணனுக்கு ஒன்றரைக் கட்டை. ஒரு முறை ஓர் ஊரில், கதைக்கு ஏற்பாடு செய்திருந்த கவுண்டர் பக்கத்தில் நிற்பதைக் கவனிக்காமல், சுருதிப்பெட்டி போடுகிற ஆளிடம் "ஒன்றரைக் கட்டை போதும்பா" என்று சொல்லிவிட்டார். சாயங்காலம் பந்தலுக்குப் பின்னால் பிளந்த விறகு அடுக்கிக் கிடந்தது. "புளியங்கட்டைங்க. ஒண்ணரை கேட்டீங்க, ரெண்டாவே போட்டுட்டேன். நின்னு எரியும்" என்றார் கவுண்டர். அண்ணன் சிரிப்பை அடக்கிக்கொண்டு கும்பிட்டார். சொன்னபடியே நின்று எரிந்தது.

எனக்குச் சுருதி ஒரு வியாதி. கோயில் மணியும் சேகண்டியும் ஒத்துப்போகவில்லை என்று பூசாரியிடம் சண்டை பிடித்திருக்கிறேன். மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு ஓடிய சின்ன ரயில் ஊதினால் எனக்குப் பல் கூசும். யுத்தத்துக்கு இரும்பு வேண்டும் என்று அந்தத் தண்டவாளத்தையே பிடுங்கிக்கொண்டு போனார்கள். ஊரே வருத்தப்பட்டது, நானும் வருத்தப்பட்டேன்; அந்த ஊதல் போனதற்கு மட்டும் வருத்தப்படவில்லை.

பிடிலுக்கு நான்கு தந்திகள். எங்கள் முறையில் அவற்றை ச, ப, ச, ப என்று வைப்போம். முதலில் ஒரு ஸட்ஜத்தைச் சுருதிப்பெட்டியோடு சேர்க்க வேண்டும். பிறகு அதோடு மற்ற மூன்றையும். தந்தியை முறுக்கும் பிரடை மரத்தால் ஆனது. மழைக்காலத்தில் இறுகிப்போய் அசையாது, கோடையில் பிடித்த இடத்தில் நிற்காமல் வழுக்கும். ஓர் எள் அளவு கூடிப்போனால் அடுத்த ஊருக்கே போய்விடும். வலது கையில் வில், இடது கையில் பிரடை. பெட்டியின் துருத்தியை இழுக்க இன்னொரு ஆள் வேண்டும். முரடர்கள் சேர்ப்பதற்கும் நான் சேர்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு. அவர்கள் கிட்டத்தட்ட வந்ததும் நிறுத்திவிடுவார்கள். கிட்டத்தட்ட என்பது எனக்குப் பிடிக்காத சொல்.

யுத்தம் வந்ததும் தந்திகளுக்குப் பஞ்சம் வந்தது. நல்ல தந்திகள் ஜெர்மனியிலிருந்து வந்துகொண்டிருந்தவை. சேலத்துக் கடைக்காரர் கையை விரித்துவிட்டார். என்னிடம் பிடிலில் இருந்தவை போக மேல் பஞ்சமத்துக்கு ஒரே ஒரு தந்தி மிச்சம் இருந்தது. அதை எண்ணெய்த் துணியில் சுற்றி, பெட்டிக்குள் குழந்தையைப் போல வைத்திருந்தேன்.

அந்த ஐப்பசி மழையில் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு முறைக்காய்ச்சல். எனக்கும் வந்தது, என் மனைவிக்கும் வந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், சொல்லி வைத்தாற்போல் குளிர் வந்து தூக்கிப் போடும். ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஆளுக்கொரு புட்டி கொய்னாத் தண்ணீர் கொடுத்தார். அதுவும் யுத்தத்தால் கிடைக்காமல் போன மருந்து. வேண்டியவர் வேண்டாதவர் என்று பார்த்துத்தான் கொடுக்கிறார்கள் என்று ஊரில் பேச்சு இருந்தது. கம்பவுண்டர் அண்ணன் கதையை விரும்பிக் கேட்பவர், அதனால் எங்களுக்குக் கிடைத்தது. புட்டியின் பக்கத்தில் பல் பல்லாக வெட்டிய காகிதம் ஒட்டியிருக்கும். ஒரு வேளைக்கு ஒரு பல் அளவு குடிக்க வேண்டும். நான் இருந்த நிலையில் பல்லையும் பார்க்கவில்லை, புட்டியையும் பார்க்கவில்லை. என் மனைவி தன் காய்ச்சலோடு எழுந்து வந்து டம்ளரில் ஊற்றிக் கொடுப்பாள், நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பேன்.

காதுக்குள் சில்வண்டு கத்தத் தொடங்கியது. கொய்னா குடித்தால் காது இரையும் என்பது எல்லோருக்கும் தெரியும். நானும் பொறுத்துக்கொண்டேன். காய்ச்சல் விட்டது. இரைச்சலும் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. கஞ்சி குடித்துத் தெம்பு வந்த ஒரு காலையில் பிடிலை எடுத்து மடியில் வைத்தேன்.

வில்லைப் போட்டதும் பயந்துபோனேன். ஒரு தந்தியைத்தான் தொட்டேன், இரண்டு ஸ்வரம் கேட்டது. வலது காதைப் பொத்தினால் ஒரு ஸட்ஜம், இடது காதைப் பொத்தினால் இன்னொரு ஸட்ஜம். இரண்டுக்கும் அரை ஸ்வரம் வித்தியாசம். இரண்டு காதையும் திறந்தால் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டு, சந்தையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் விலை கூவுவது போல இருந்தது. காது இன்னும் தெளியவில்லை என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு பிரடையைத் திருப்பினேன். சேரவில்லை. ஒரு காதைப் பொத்திக்கொண்டு பார்த்தாலும் ஒவ்வொரு தந்தியும் ஒவ்வொரு அளவுக்குத் திரிந்து கேட்டது. இன்னும் திருப்பினேன். மேல் பஞ்சமம் பட்டென்று அறுந்து கன்னத்தில் அடித்தது.

அண்ணன் வந்து எட்டிப் பார்த்தார். எண்ணெய்த் துணியைப் பிரித்து மிச்சமிருந்த தந்தியைப் பூட்டினேன். அவர் முன்னாலேயே சேர்த்தேன். கடைசியில் அவர் கையை நீட்டி வில்லைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீ சேக்கலடா. பிரிச்சு வெக்கிறே."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். மாசியில் தீர்த்தமலைத் திருவிழாவுக்குக் கதை ஒப்புக்கொண்டிருக்கிறது என்றும், அதற்குள் எனக்குச் சரியாகாவிட்டால் சேலத்திலிருந்து ஒருவரைக் கூட்டிக்கொள்வதாகவும் சொன்னார். "ஒரு தடவைக்குத்தான்" என்றார். ஒரு தடவை உட்கார்ந்தவன் எழுந்திருக்க மாட்டான் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். எனக்கு வேறு தொழில் தெரியாது. ஏர் பிடிக்கத் தெரியாது, கணக்கு எழுதத் தெரியாது. நாலு தந்தியைச் சேர்க்கத்தான் தெரியும்.

கம்பவுண்டரிடம் போனேன். என் மனைவியும் கூட வந்தாள். அவர் என் காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். "கொய்னா நிறுத்துனதும் இது சரியாயிருக்கோணுமேங்க. நான் சொன்ன அளவுதானே குடிச்சீங்க?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன். பக்கத்தில் நின்றிருந்தவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்.

"என் புட்டியை நான் குடிக்கலைங்க. எனக்கு நாள் தள்ளிப்போயிருந்துச்சு. கொய்னா குடிச்சா கரு தங்காதுன்னு சொல்றாங்க. போன தடவை மூணாம் மாசத்துலயே போயிடுச்சு, இதுவும் போனா நான் என்ன பண்ணுவேன்? மூணு மாசம் தாண்டட்டும், அப்புறமா சொல்லலாம்னு வாயைக் கட்டிக்கிட்டு இருந்தேன்."

"குடிக்கலைன்னா அந்த மருந்து எங்க போச்சு?"

"ஊரே கொய்னா இல்லாம சாவுதுங்க. அதைக் கீழ ஊத்த எனக்கு மனசு வரல. வெளிய ஆருக்காச்சும் குடுத்தா ஏன் குடுக்குறேன்னு கேப்பாங்க. உங்களுக்காச்சும் சீக்கிரம் தேவலையாவட்டும்னு உங்க டம்ளர்ல சேத்து ஊத்திட்டேன்."

சேர்த்து! என் வாழ்க்கையே அந்த வார்த்தையில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வாயில் அதைக் கேட்டபோது மறுபடியும் கொய்னா குடித்தது போலக் கசந்தது. "நானாடீ உன் மருந்தக் கேட்டேன்?" என்று கத்தினேன். என் கோபம் நியாயமானது. இத்தனை வயதான பிறகும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் நியாயமான கோபத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பது? அவள் குளிரில் நடுங்கிக்கொண்டே எழுந்து வந்து ஊற்றிக் கொடுத்தவள். மருந்தில்லாமலே அந்தக் காய்ச்சலைத் தாங்கிக் கரையேறியவள். அவள் வயிற்றில் இருந்ததோ யாருக்கும் ஒரு தீங்கும் செய்யவில்லை. வைக்க இடம் இல்லாததால் கோபத்தை வாயிலேயே வைத்துக்கொண்டேன். பல நாள் அவளோடு பேசவில்லை.

பேசாவிட்டாலும் அவள் இல்லாமல் முடியவில்லை. துருத்தி இழுக்க ஆள் வேண்டுமே. காலையில் நான் பிடிலோடு உட்கார்ந்ததும் கூப்பிடாமலே வந்து சுருதிப்பெட்டியை எடுத்துக்கொள்வாள். அவள் இழுக்க, நான் திருப்ப, இரண்டு காதும் இரண்டு பொய்யைச் சொல்லும். அறுந்துவிடுமோ என்ற பயத்தில் பிரடையை மயிரிழை மயிரிழையாகத்தான் திருப்புவேன்.

மார்கழியில் தரை சில்லென்றாகிவிட்டது. பிள்ளைத்தாய்ச்சி வெறுந்தரையில் உட்காரக் கூடாது என்று அண்ணி நீளமான ஒரு பலகையைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். பழைய கதவின் பலகை அது. ஒரு முனையில் அவள் உட்கார்ந்து பெட்டியையும் அதன் மேலேயே வைத்துக்கொண்டாள். மறுமுனையில் நான் உட்கார்ந்தேன்.

நாங்கள் பிடில் வாசிப்பது உட்கார்ந்தபடி. பிடிலின் ஒரு முனை மார்பில் சாய்ந்திருக்கும், அதன் சுருண்ட தலை வலது கணுக்காலின் மேல் நிற்கும். அந்தக் கணுக்கால் பலகையில் அழுந்தியிருந்தது. வில்லைப் போட்டேன். காது வழக்கம்போல உளறியது. ஆனால் காலில் என்னவோ துடித்தது. நாடி பார்ப்பவர் விரலுக்குக் கீழே துடிப்பது போல, எலும்புக்குள் ஒரு துடிப்பு. பிரடையைக் கொஞ்சம் திருப்பினேன். துடிப்பு வேகமானது. எதிர்ப்பக்கம் திருப்பினேன். மெதுவானது; இன்னும் மெதுவானது; நின்றுவிட்டது.

வில்லை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இரண்டு சுருதிகள் ஏறக்குறையச் சேர்ந்து, முழுசாகச் சேராமல் இருந்தால் நடுவில் ஓர் அலை அடிக்கும் என்பது தொழில் தெரிந்த எல்லோருக்கும் தெரிந்ததுதான். காதால் கேட்டிருக்கிறேன். பெட்டியின் சுருதி பலகை வழியாகவும், தந்தியின் சுருதி பிடிலின் தலை வழியாகவும் வந்து என் கணுக்காலில் சந்திக்கும் என்று மட்டும் நினைத்ததில்லை. சேரும் வரைக்கும் சண்டை, சேர்ந்துவிட்டால் அமைதி. காது கெட்டாலும் எலும்பு கெடவில்லை. கொய்னா அதுவரைக்கும் போகவில்லை.

இது என் மனப்பிராந்தியா, நிஜமா என்று தெரிய வேண்டுமே. அண்ணனைக் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. என் மனைவியைப் பார்த்தேன். அவளுக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் பல வருஷமாக என் வாசிப்பைக் கேட்கும் காது. பல நாள் கழித்து அன்றைக்குத்தான் அவளிடம் பேசினேன்.

"எப்பிடி இருக்குது?"

"இன்னிக்கி வூடு நெறஞ்சாப்ல இருக்குதுங்க" என்றாள். துருத்தியை இழுத்துக்கொண்டே இருந்தாள்.

அதன் பிறகு தினமும் அந்தப் பலகையில் உட்கார்ந்தோம். காலில் துடிப்பதை அவளிடம் மட்டும் சொன்னேன். நான் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு காலால் சேர்த்தேன். ஸட்ஜத்தைப் பெட்டியோடு, பஞ்சமத்தை ஸட்ஜத்தோடு. தந்தி சரியாக நின்றுவிட்டால் விரல் தானாக இடத்தில் விழும். அது பழகிய கை. காது சொல்வதைக் கேட்காமல் இருப்பதுதான் கஷ்டம். சரி என்று தெரிந்ததைத் தப்பு என்று கேட்டுக்கொண்டே வாசிக்க வேண்டும். ஆயுளுக்கும் சுருதிக்காகச் சண்டை போட்டவனுக்கு இப்படி ஒரு தண்டனை.

மாசி வந்தது. நானே வாசிக்கிறேன் என்று அண்ணனிடம் சொன்னேன், எப்படி என்று சொல்லவில்லை. கரியில் ஓடும் யுத்தக் காலத்துப் பஸ்ஸில் ஏறி, மேடு வந்த இடத்தில் இறங்கித் தள்ளி, அரூர் போய், அங்கிருந்து மாட்டுவண்டியில் தீர்த்தமலை அடிவாரம் சேர்ந்தோம். மலையேறித் தீர்த்தமாடிவிட்டு ஈரத் துணியோடு ஜனம் இறங்கிக்கொண்டிருந்தது. சித்தேரிப் பக்கத்து மலைக்காரர்கள் தேனும் சாமையும் விற்றுக்கொண்டிருந்தார்கள். அண்ணன் சொன்னபடி சேலத்துப் பிடில்காரரும் வந்திருந்தார். நல்ல மனிதர், என்னைப் பார்த்துக் கும்பிட்டார். அவருடைய பிடில் உறைக்குள் இருந்தது. "சும்மா கேட்டுட்டுப் போலாம்னு வந்தேனுங்க" என்றார். இரண்டு பேரும் அதை நம்புவது போல நடித்தோம்.

மண்டபத்தில் ஏறியதும் முதலில் தரையைப் பார்த்தேன். கீழே கருங்கல் தளம். பெட்டி போடுகிறவன் ஒரு பக்கம் ஜமக்காளத்தில் உட்கார்ந்துவிட்டான். கல் வழியாக என் காலுக்கு என்ன வந்துவிடப் போகிறது? "ஒரு பலகை வேணும்" என்றேன். அண்ணன் முகம் சுருங்கியது. "எதுக்குடா பலகை?" "கல்லு சில்லுனு இருக்குதுங்க அண்ணா. இப்பத்தான் காச்சல் விட்ட ஒடம்பு." முன்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்தார். புளியங்கட்டை கொடுத்த அதே கவுண்டர்தான். "பலகைங்களா? இந்தத் தடவை கட்டை வேணாங்களா?" என்று கேட்டுக்கொண்டே போய், தன் வண்டிக்குள் போட்டிருந்த பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பெட்டிக்காரனை அதன் ஒரு முனையில் உட்கார வைத்துவிட்டு நான் மறுமுனையில் உட்கார்ந்தேன்.

பெட்டி முழங்கியது. வில்லைப் போட்டேன். இரண்டு காதும் அலறின. கண்ணை மூடிக்கொண்டு காலுக்குப் போனேன். துடித்தது. திருப்பினேன். மெதுவானது. பிரடை வழுக்கிக்கொண்டு பின்னால் போனது. மறுபடியும் திருப்பினேன். நான்கு தந்திகளையும் அப்படி ஒவ்வொன்றாக அடக்கினேன். கூட்டம் பேச்சை நிறுத்திவிட்டிருந்தது.

"சேர்ந்துச்சா?" என்றார் அண்ணன்.

ஸட்ஜத்தில் மறுபடியும் ஒரு முறை வில்லைப் போட்டேன். இல்லை என்று இரண்டு காது சொல்கிறது. ஆமாம் என்று ஒரு கணுக்கால் சொல்கிறது. தப்பாகச் சொன்னால் அண்ணன் வாயைத் திறந்த நொடியே ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். உறைக்குள் இருக்கும் பிடில் வெளியே வந்துவிடும். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"சேர்ந்துச்சு" என்றேன்.

அவர் பாட்டை எடுத்தார். முதல் அடியை முடித்து ஸட்ஜத்தில் வந்து நின்றார். என் தந்தியும் அவர் குரலும் அங்கே சந்திக்க வேண்டும். ஒட்டவில்லை என்றால் சட்டென்று நறுக்கிவிட்டு வசனத்துக்குத் தாவிவிடுவார், அது அவர் வழக்கம். அன்றைக்கு நறுக்கவில்லை. நின்றார், நின்றுகொண்டே இருந்தார். மூச்சு முடியும் வரைக்கும் நின்றார். தூண் ஓரத்தில் உறையின் முடிச்சில் கை வைத்திருந்த சேலத்துக்காரர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர்கள் கேட்டது எனக்குக் கேட்கவில்லை. கதை முடியும் வரை எல்லோரும் சேர்ந்த சுருதியைக் கேட்டார்கள், நான் ஒருவன் மட்டும் கலகத்தைக் கேட்டேன். அன்றிலிருந்து இன்றுவரை அப்படித்தான். என் பிடில் சேர்ந்து ஒலிப்பதை நான் மறுபடியும் கேட்டதே இல்லை. சேர்ந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

என் இடம் எனக்கு இருந்தது. வீட்டில் கோபமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. கரைந்ததே தவிர, முழுசாகப் போகவில்லை.

ஆனி மாதம் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். வாசலில் நின்றிருந்த எனக்கு அதன் அழுகை கேட்டது. இரண்டு குழந்தைகள் அழுதன. ஒன்று வலப்பக்கம், ஒன்று இடப்பக்கம், அரை ஸ்வரம் தள்ளி. உள்ளே போய்ப் பார்த்தேன், ஒன்றுதான் இருந்தது. யார் குரல் எப்படிக் கேட்டாலும் தாங்கிக்கொண்டேன். என் மகள் குரலைத் தாங்க முடியவில்லை. அவள் அழத் தொடங்கினால் எழுந்து வெளியே போய்விடுவேன். என் மனைவி அதைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். காரணம் அவளுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஒரு காலையில் என் மாமியார் பலகையில் உட்கார்ந்து, காலை நீட்டி, குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டத் தயாரானார். வெந்நீர் போதவில்லை என்று குழந்தையை என் மனைவியிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனார். குழந்தை வீரிட்டது. நான் வழக்கம்போல எழுந்தேன்.

"எங்க போறீங்க? இப்பிடி வந்து உக்காருங்க" என்றாள் என் மனைவி. அவள் குரலில் அப்படி ஓர் அதட்டலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. "காலை நீட்டுங்க."

ஆண்பிள்ளை செய்கிற வேலை இல்லை அது. ஆனாலும் பலகையில் உட்கார்ந்து நீட்டினேன். எண்ணெய் பூசிய குழந்தையை என் இரண்டு கணுக்கால்களின் மேல் குப்புறக் கிடத்தி, வழுக்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். குழந்தை மூச்சை இழுத்துக்கொண்டு அழுதது. காதில் இரண்டு பேர் அழுதார்கள். கணுக்கால் எலும்பில் அந்தச் சின்ன நெஞ்சு அதிர்ந்தது. நான் காத்திருந்தேன். துடிப்பு இல்லை, சண்டை இல்லை. ஒரே குரல்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் கேட்கும் அந்த வார்த்தையை அவள் ஒரு நாளும் சொன்னதில்லை.

"சேர்ந்துச்சாங்க?" என்றாள்.

"சேர்ந்துச்சு" என்றேன்.